பெட்டியில் நானூறு அதிகம்

சில்லறை இல்லை என்று கடைக்காரர் கையில் வைக்கிற மிட்டாயை நான் வாங்குவதே இல்லை. சர்க்கரை வியாதியெல்லாம் கிடையாது. பணம் கொடுத்த இடத்தில் பணம்தான் திரும்பி வர வேண்டும் என்று நினைக்கிற ஆள், அவ்வளவுதான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இன்ஸ்பெக்டர் ஐயா. பச்சை தொடங்கியதே அந்த மிட்டாயால்தான்.

நீங்கள் சொன்னபடி ஆரம்பத்திலிருந்து எழுதுகிறேன். உங்கள் ஸ்டேஷன் தாள் மட்டம், மை ஊறுகிறது. அடுத்த முறை என் கடையில் வாங்குங்கள் என்று சொல்ல வாய் வரை வருகிறது. அடுத்த முறை என்று ஒன்று இல்லை என்பதும் ஞாபகம் வருகிறது.

எங்கள் மார்க்கெட் கூரை போட்ட ஒரே கட்டடம். நான்கு வரிசை, அறுபத்திரண்டு கடை. பின் வரிசையில் கடைசிக் கடை என்னுடைய அச்சகம். ஓர் அச்சு மெஷின், ஒரு கட்டிங் மெஷின், ஒரு இரும்புப் பெட்டி. பில் புத்தகம், விசிட்டிங் கார்டு, லேபிள், இவைதான் தொழில். வியாபாரிகள் சங்கத்துக்கு நான்தான் செயலாளர். வேறு யாரும் கேட்காததால் வந்த பதவி. தலைவர் பாத்திரக்கடைக்காரர். அவர் மாலைக்குத் தலையை நீட்டுவார், வேலையை என் தலையில் கட்டுவார்.

ஆறு வருடத்துக்கு முன்னால் மார்க்கெட்டில் சில்லறைக்குப் பெரிய தட்டுப்பாடு. மிட்டாய், ஊக்கு, சவரப் பிளேடு என்று கையில் கிடைத்ததையெல்லாம் மீதிக்குக் கொடுத்தார்கள். ஒரு கூட்டத்தில் நான் எழுந்து சொன்னேன், நமக்குள் செல்லுபடியாகிற ஒரு சீட்டு அடிப்போம், ஒரு சீட்டு பத்துக்குச் சமம். எல்லோரும் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள். கம்பி எண்ணப் போகிறீரா என்று தலைவர் கேட்டார்.

வக்கீலைப் போய்ப் பார்த்தேன். என்னிடம் லெட்டர்பேடு அடிக்கிறவர், அதனால் ஃபீஸ் வாங்கவில்லை. அவர் சொன்னது எனக்கு இன்றும் மனப்பாடம். அரசாங்க நோட்டு மாதிரி இருக்கக் கூடாது. வாங்கித்தான் ஆக வேண்டும் என்று யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது. எப்போது கேட்டாலும் அதற்குரிய பணத்தைத் திருப்பித் தர வேண்டும். இந்த மூன்றும் சரியாக இருக்கிற வரை அது வியாபாரிகளுக்குள் ஒரு ஏற்பாடு, யாரும் கேட்கப் போவதில்லை என்றார். ஒன்று தவறினாலும் உன்னை எனக்குத் தெரியாது என்றும் சொன்னார்.

அந்த மூன்றை நான் ஒரு நாளும் மீறியதில்லை. தயவுசெய்து இதை அடிக்கோடிட்டு வையுங்கள்.

பஸ் டிக்கெட் அளவு, பச்சை அட்டை. நடுவில் தராசுப் படம், கீழே வரிசை எண், அதன் கீழே என் கையெழுத்து. ரப்பர் ஸ்டாம்ப் இல்லை, ஒவ்வொன்றிலும் பேனாவால் போட்டேன். ஒரு சீட்டு வெளியே போனால் அதற்குண்டான பத்து இரும்புப் பெட்டிக்குள் போகும். நைந்த சீட்டு திரும்பி வந்தால் அதில் துளை போட்டு, ரத்துப் புத்தகத்தில் ஒட்டி, புது எண்ணில் புதுச் சீட்டு கொடுப்பேன். ஓர் எண் இரண்டு முறை வெளியே இருக்காது. அரசாங்கம்கூட இவ்வளவு சுத்தமாகச் செய்யுமா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

ஆறே மாதத்தில் சீட்டு என்ற பேச்சே போய்விட்டது. பச்சை என்றார்கள். டீக்கடையில் பச்சை, சலூனில் பச்சை. மார்க்கெட்டுக்கு வெளியே இரண்டு தெரு வரைக்கும் பச்சை ஓடியது. நான் நடந்து போனால் பெரிய கடைக்காரர்கள் நாற்காலியிலிருந்து பாதி எழுந்தார்கள். விசிட்டிங் கார்டு அடிக்கிறவனுக்கு யாரும் பாதிகூட எழுந்ததில்லை, ஐயா.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கடைக்கு வந்து பெட்டியைத் திறந்து பார்ப்பேன். எண்ணுவதற்கு இல்லை. கேட்க ஆள் இல்லாமல் அந்தப் பணம் கிடக்கிற அழகைப் பார்க்க. ஆறு வருடத்தில் இருபது சீட்டுக்கு மேல் ஒரே நேரத்தில் மாற்றிக் கேட்டவர் ஒருவர்கூட இல்லை. பணம் உள்ளே தூங்குகிறது, என் கையெழுத்து வெளியே வேலை செய்கிறது. இதற்கு என்ன பெயர் வைப்பீர்கள் என்று தெரியாது. நான் நம்பிக்கை என்று வைத்திருந்தேன்.

இனி தையல்காரர்.

அவரை மார்க்கெட்டில் அளவு என்று கூப்பிடுவார்கள். டேப் எடுக்காமலேயே இடுப்பு எத்தனை என்று சொல்லிவிடுவார். மூன்றாம் வரிசையில் ஆறடிக் கடை. மெஷினுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு அவர் மனைவி உட்கார்ந்து பட்டன் தைப்பாள், காஜா எடுப்பாள். பட்டன் அக்கா என்றால் எல்லோருக்கும் தெரியும். குழந்தை இல்லை. இரண்டு பேரும் நாள் முழுவதும் ஒருவரையொருவர் சீண்டிக்கொண்டே தைப்பார்கள்.

பச்சையின் முதல் வாரத்தில் நானே கடை கடையாகப் போய் விளக்கினேன். அவர்கள் கடை வாசலில் பத்துப் பதினைந்து பேர் கூடி நின்றார்கள். நான் மூன்று நிபந்தனையையும் சொல்லி முடித்தபோது அவள் ஊசியில் நூலைக் கோத்தபடியே தலையை நிமிர்த்தாமல் கேட்டாள்.

"எல்லாம் சரிண்ணே. நாளைக்கு நெஞ்சு வலின்னு ஆஸ்பத்திரிக்கு ஓடினா அங்க பச்சை வாங்குவாங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். தலைவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்தேன். அவள் தமாஷாகத்தான் கேட்டாள். நான் அதைத் தமாஷாகத்தான் எடுத்துக்கொண்டேன். வருடம் ஆறு ஆனாலும் யார் எங்கே நின்று சிரித்தார்கள் என்பது எனக்கு நினைவிருப்பதற்குக் காரணம் என் ஞாபகசக்தி. அச்சுக் கோத்துப் பழகியவனுக்கு எதுவும் மறக்காது.

வேடிக்கை என்னவென்றால், மார்க்கெட்டிலேயே பச்சையை அதிகம் சேர்த்தது அவள் புருஷன்தான். அவர் காரணம் அவருக்கு. வீட்டில் ரொக்கம் இருந்தால் மச்சினன் மோப்பம் பிடித்து வந்துவிடுவானாம். "பச்சையைக் காட்டினா அவன் பஸ் ஏறிடுவான், செக்ரட்டரி" என்பார். கூலியைப் பச்சையாகவே கேட்டு வாங்கி, கத்தரித்த துணியில் பை தைத்து அதில் போட்டு வைத்தார்.

போன மாதம் முதல் வாரம் திங்கட்கிழமை, காலை பதினொரு மணிக்கு அந்தப் பையோடு என் கடைக்கு வந்தார். சட்டையில் நூல் ஒட்டியிருந்தது, முகத்தில் ரத்தம் இல்லை. மனைவிக்கு இதயத்தில் வால்வு கெட்டுவிட்டது. ஆபரேஷனுக்கு முன்பணம் ஐம்பதாயிரம். வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் கட்டினால் திங்கட்கிழமை ஆபரேஷன். தவறினால் இடம் அடுத்த ஆளுக்குப் போய்விடும், பிறகு எப்போது கிடைக்கும் என்று சொல்ல முடியாது. கையில் பன்னிரண்டாயிரம் தேறியது. பையில் மூவாயிரத்து எண்ணூறு பச்சை. முப்பத்தெட்டாயிரம்.

"மாத்திக் குடுத்துடுங்க, செக்ரட்டரி. உங்ககிட்டதான் இருக்குன்னு ராத்திரி நிம்மதியாத் தூங்கினேன்" என்றார்.

அவர் எதிரிலேயே எண்ணினேன். சரியாக இருந்தது. ரசீது எழுதிக் கொடுத்தேன். இவ்வளவு பெரிய தொகை இதுவரை மாற்றியதில்லை, சரிபார்க்க வேண்டும் என்றேன். பையை என்னிடம் விட்டுவிட்டுத் தலையாட்டிப் போனார்.

நீங்கள் முதல் நாளே என்னிடம் கேட்டீர்கள், பெட்டியில் பணம் இருந்ததா என்று. மார்க்கெட்டே அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தது. செக்ரட்டரி வாரிச் சுருட்டிவிட்டான், நிலம் வாங்கிவிட்டான், இன்னொரு குடும்பம் வைத்திருக்கிறான் என்று டீக்கடையில் காதைக் கடித்தார்கள். வெளியே இருந்தது இருபத்தோராயிரத்து நானூறு பச்சை. பெட்டியில் இருந்தது இரண்டு லட்சத்துப் பதினாலாயிரம். ஒரு காசு குறையவில்லை. அறுபத்திரண்டு கடையும் ஒரே நாளில் வந்து நின்றாலும் மதியச் சாப்பாட்டுக்குள் கொடுத்து முடித்திருப்பேன்.

உங்களுக்குப் புரியாதது அதுதான், ஐயா. கொடுத்து முடித்திருப்பேன். அப்புறம்?

முப்பத்தெட்டாயிரத்தை எடுத்துக்கொண்டு ஒரு மனிதர் நடு வரிசை வழியே நடந்து போனால் அதை எல்லோரும் பார்ப்பார்கள். அளவு ஏன் மாற்றினார் என்று கேட்பார்கள். மனைவிக்கு உடம்பு சரியில்லை என்பதை யாரும் காதில் வாங்க மாட்டார்கள். அவருக்கு ஏதோ தெரிந்திருக்கிறது என்பார்கள். மறுநாள் நான்கு பேர் வருவார்கள், அதற்கு மறுநாள் நாற்பது பேர். எல்லோருக்கும் பணம் கிடைக்கும், யாருக்கும் நஷ்டம் இல்லை. பெட்டி காலியாகும். என் மேஜை மேல் இருபத்தோராயிரம் பச்சை அட்டை மலை மாதிரி கிடக்கும், என் கையெழுத்தோடு. ஆறு வருடம் ஓடியது இரண்டு நாளில் வெறும் அட்டையாகிவிடும். ஆஸ்பத்திரியில் வாங்குவார்களா என்று அவள் கேட்டதற்குப் பதில் ஊருக்கே தெரிந்துவிடும்.

செவ்வாய்க்கிழமை மார்க்கெட்டுக்கு அரை நாள் விடுமுறை. மதியம் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு வேலை பார்த்தேன். ரத்துப் புத்தகத்தில் துளை போட்டு ஒட்டியிருந்த பழைய எண்களில் நாற்பதைத் தேர்ந்தெடுத்தேன். அதே எண்களில் புதிதாக நாற்பது சீட்டு அடித்தேன். நல்ல அட்டையில்தான் அடித்தேன், மட்டமாக அடிக்கக் கை வரவில்லை. கசக்கி, டீத்தண்ணீரில் தொட்டு, கொஞ்சம் பழசாக்கினேன். நாற்பதிலும் கையெழுத்துப் போட்டேன். தையல்காரர் பையிலிருந்து நாற்பதை எடுத்துவிட்டு இவற்றை உள்ளே வைத்தேன். எடுத்த நாற்பதை ஓர் உறையில் போட்டு, "தையல்காரருடையது" என்று மேலே எழுதி மேஜை டிராயரில் வைத்தேன். அவருடைய பொருளை நான் எடுத்துக்கொள்வேனா?

அதற்குப் பிறகு செய்தது பழக்கதோஷம். நாற்பது சீட்டு புதிதாக வெளியே போகிறதல்லவா. என் சட்டைப்பையிலிருந்து நானூறை எடுத்துப் பெட்டியில் போட்டேன். பணம் வைக்காமல் அடித்தால் அது கள்ளச்சீட்டு. நான் கள்ளச்சீட்டு அடிக்கிறவன் இல்லை.

புதன்கிழமை காலையில் தலைவரைக் கூப்பிட்டு உட்காரவைத்து, பையில் உள்ள எண்களை ரத்துப் புத்தகத்தோடு ஒப்பிடச் சொன்னேன். நானே கண்டுபிடிக்கக் கூடாது என்பதால் அவரையே கண்டுபிடிக்க விட்டேன். பதினோராவது எண்ணில் அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "என்னய்யா இது, செத்தது எழுந்து வந்திருக்கு" என்றார். நான் பேசாமல் இருந்தேன். "உன் கையெழுத்தை அப்படியே போட்டிருக்கானே, படுபாவி" என்றார். அதற்கும் நான் பேசாமல் இருந்தேன். தையல்காரரைக் கள்ளன் என்று என் வாயால் ஒரு இடத்திலும் சொன்னதில்லை, விசாரித்துப் பாருங்கள்.

மதியத்துக்குள் மார்க்கெட் முழுக்கச் செய்தி. ஆறு வருடம் பார்க்காமல் வாங்கிய பச்சையை ஒவ்வொருவரும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்கள். டீக்கடைக்காரர் எச்சில் தொட்டுத் தேய்த்துப் பார்த்தார். பத்து வருடம் பக்கத்துப் பக்கத்துக் கடையில் இருந்தவர்கள் ஒருவர் கொடுத்ததை இன்னொருவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். பார்த்து முடித்து வாங்கத்தான் செய்தார்கள். என் பச்சை நின்றது. விழுந்தது அளவு மட்டும்தான். தைக்கக் கொடுத்த துணியை ஆளுக்காள் வந்து பிடுங்கிக்கொண்டு போனார்கள். கடன் கேட்கப் போன இடத்திலெல்லாம் அவருக்கு முன்னால் செய்தி போய் உட்கார்ந்திருந்தது.

விஷயத்தை முடிவு செய்யச் சங்கக் கூட்டம் வேண்டும். தேதி குறிப்பது செயலாளர் வேலை. சனிக்கிழமை காலை பத்து மணி என்று எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டினேன்.

வியாழக்கிழமை அவள் வந்தாள். தனியாக. என் கடைக்கு மூன்று படி. ஒவ்வொரு படியிலும் நின்று மூச்சு வாங்கினாள். நாற்காலியைத் துடைத்துப் போட்டேன். முந்தானையால் முகத்தை ஒற்றிக்கொண்டு கொஞ்ச நேரம் மெஷினையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழுவாள், சண்டை போடுவாள் என்று எதிர்பார்த்தேன்.

"உங்க கை பட்டன் தொங்குதுண்ணே" என்றாள்.

வேண்டாம் என்பதற்குள் இடுப்பில் செருகியிருந்த டப்பாவிலிருந்து ஊசி நூலை எடுத்துவிட்டாள். என் கையைப் பிடித்துத் தைத்தபடியே பேசினாள்.

"அவரு கள்ளத்தனம் பண்ணலைன்னு உங்களுக்குத் தெரியும்."

"கூட்டத்துல பேசிக்கலாம்மா. என் கையில எதுவும் இல்லை."

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். பெட்டியில பணம் இருக்கா, இல்லையா? இல்லைன்னா இல்லைன்னு சொல்லிடுங்க. நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். இந்தச் செயினை வித்து, இவரு மெஷினை வித்து எப்படியோ பாத்துக்கறோம். இருக்கு இருக்குன்னு நெனச்சுத்தான் அதை விக்காம உக்காந்திருக்காரு."

அவள் அவ்வளவு தெளிவாகக் கேட்டாள். இல்லை என்று ஒரு பொய் சொல்லியிருந்தால் போதும், அன்று சாயங்காலமே மெஷின் விலை போயிருக்கும். இருக்கிறது என்று உண்மையைச் சொல்லிப் பெட்டியைத் திறந்திருந்தாலும் போதும். பெட்டி அவள் நாற்காலிக்குப் பின்னால், கை எட்டுகிற தூரத்தில் இருந்தது. சாவி என் பனியனுக்குள்.

"என்னைச் சந்தேகப்படுறியாம்மா?" என்று கேட்டேன்.

அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். நிமிர்ந்து பார்த்தாள்.

"அன்னிக்கு நான் அப்படிக் கேட்டதுக்காண்ணே?"

பட்டன் தைத்ததற்குக் கூலியாக ஒரு பச்சையை எடுத்து மேஜையில் வைத்தேன். அவள் அதை எடுக்கவில்லை. படிகளில் மெதுவாக இறங்கிப் போனாள். கட்டாயப்படுத்தக் கூடாது என்பது இரண்டாவது நிபந்தனை. நான் கட்டாயப்படுத்தவில்லை.

வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணி எல்லா வெள்ளிக்கிழமையும் போல வந்து போனது. மறுநாள் கூட்டத்தில் மூன்று மணி நேரம் கூச்சல் போட்டு, இன்னும் விசாரிக்க வேண்டும் என்று ஒத்திவைத்தார்கள். பையைச் சங்கம் சீல் வைத்தது. ஆஸ்பத்திரியில் இடம் வேறு ஒருவருக்குப் போயிற்று. அந்த ஆளாவது பிழைத்திருப்பார். கெடு தவறிய பதினோராவது நாள் காலையில் காஜா எடுத்துக்கொண்டிருந்தவள் ஸ்டூலிலிருந்து சாய்ந்தாள். ஆட்டோ வருவதற்குள் முடிந்துவிட்டது. அன்று மார்க்கெட் ஷட்டரை இறக்கியது. கள்ளன் மனைவிக்கு எதற்கு என்று ஒருவர் முனகினார். நான்தான் அவரை அதட்டினேன்.

தையல்காரர் உங்களிடம் வந்து என் மேல் புகார் எதுவும் கொடுக்கவில்லை என்று சொன்னீர்கள். ஒரே ஒரு விண்ணப்பம்தான் வைத்தாராம், அந்தப் பெட்டியை எண்ணிப் பாருங்கள் என்று. மற்றவர்களைப் போல அவரும் காலிப் பெட்டியைத்தான் எதிர்பார்த்தார். பாவம். நீங்கள் எண்ணினீர்கள், ஏட்டு எண்ணினார், மறுபடி நீங்கள் எண்ணினீர்கள். பதிவேட்டில் இருந்ததைவிட நானூறு அதிகம். உங்கள் புருவம் ஏறியதை நான் பார்த்தேன்.

"திருடறவன் எடுப்பான்யா. இதுல போட்டவன் யாரு?" என்று கேட்டீர்கள்.

நானூறு என்றால் நாற்பது சீட்டு. நாற்பது என்ற எண் மார்க்கெட்டில் எல்லோர் வாயிலும் இருந்தது. அதன் பிறகு டிராயரைத் திறந்தீர்கள், உறை கிடைத்தது. இருபது வருடத் தொழிலில் இப்படி ஒரு முட்டாளைப் பார்த்ததில்லை என்று ஏட்டிடம் சொன்னீர்கள். அதை முட்டாள்தனம் என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன், ஐயா. பெட்டியில் பணம் போட்டுவிட்டதால் அந்த நாற்பதும் நல்ல சீட்டு. யார் வேண்டுமானாலும் செலவழிக்கலாம். தையல்காரர் கையில் ஒரு கள்ளச்சீட்டும் இல்லை என்று எந்தக் கோர்ட்டிலும் சொல்லத் தயார்.

குற்றத்தை ஒப்புக்கொள்கிறாயா என்று கேட்கிறீர்கள். நாற்பது சீட்டையும் நான்தான் அடித்தேன். நான்தான் பைக்குள் வைத்தேன். வெள்ளிக்கிழமை ஐந்து மணி என்று அவர் சொன்னதைக் காலண்டரில் குறித்து வைத்திருந்தேன். அந்தத் தேதியைப் பார்த்துவிட்டுத்தான் கூட்டத்தைச் சனிக்கிழமைக்கு வைத்தேன். பணம் இல்லாவிட்டால் அவள் பிழைக்க மாட்டாள் என்பது தெரியும். இதில் எதையும் நான் மறைக்கவில்லை.

ஆனால் என்னைக் கல்நெஞ்சன் என்று எழுதிவிடாதீர்கள். காரியம் முடிந்த மறுவாரம், பாங்கில் இருந்த என் சொந்த சேமிப்பிலிருந்து முப்பத்தெட்டாயிரம் எடுத்தேன். அவ்வளவு பணம் உன்னிடமே இருந்ததா என்று நீங்கள் ஒரு மாதிரிக் குரலில் கேட்டீர்கள். இருந்தது. எப்போதும் இருந்தது. அதைப் பெட்டியில் போட்டு, பதிவேட்டில் முறைப்படி ஏற்றி, மூவாயிரத்து எண்ணூறு புதுப் பச்சை அடித்து, இரண்டு நாள் உட்கார்ந்து ஒவ்வொன்றிலும் கையெழுத்துப் போட்டு, கெட்டியான உறையில் வைத்துத் தையல்காரர் வீட்டுக்கு நானே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அந்த உறை இப்போது உங்கள் மேஜையில்தான் இருக்கிறது. ஒட்டிய இடம் ஒட்டியபடியே இருக்கிறது. அவர் ஒன்றைக்கூட எடுத்துச் செலவழிக்கவில்லை. எல்லாம் புத்தம்புதுச் சீட்டு, ஒவ்வொன்றுக்கும் பணம் பெட்டியில் இருக்கிறது. இன்னும் என்ன சந்தேகம் அந்த மனிதருக்கு என்பதுதான் எனக்குப் புரியவில்லை.